வேட்பாளருக்குக் கணக்கு உண்டு, கட்சிக்கு?

தேர்தல் வந்தால் கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் தோட்டப்புறங்களுக்குக் கொடியும் பதாகையும் கூடாரமும் விருந்தும் வந்துவிடுகின்றன. அந்தச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு நம் சட்டம் பாதி பதிலைத்தான் தருகிறது.

2024 மே 11இல் நடந்த கோலகுபுபாரு சட்டமன்ற இடைத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டப்படி சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் ரிங்கிட் வரையிலும், நாடாளுமன்ற வேட்பாளர் 2 லட்சம் ரிங்கிட் வரையிலும் செலவிடலாம். முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தவறுபவர் கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது விதிப்படி தகுதி இழக்க நேரிடும்.

இந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டுமே. கட்சி செலவிடும் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை. கட்சிகள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கு அனுப்புகின்றன. ஆனால், ஒரு தொகுதியில் எவ்வளவு இறக்கினார்கள் என்பதை வாக்காளர் அதில் பார்க்க முடியாது. விதிமீறல் நடந்தாலும் தேர்தல் ஆணையம் தானே வழக்குத் தொடுக்க முடியாது. விசாரணை போலீஸ் அல்லது ஊழல் தடுப்பு ஆணையத்தின் கையில், குற்றச்சாட்டு சட்டத்துறைத் தலைவரின் கையில்.

இதைவிடச் சிக்கலானது அரசாங்க அறிவிப்பு. வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய 5 தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 245 குடும்பங்களுக்கான அந்த வீடமைப்புத் திட்டம் இடைத்தேர்தலின்போது பெரிதாகப் பேசப்பட்டது. வீடு அவர்களின் உரிமை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், உரிமை தேர்தல் நேரத்தில் வரும்போது சலுகைபோலத் தெரிகிறது. அரசு நிதி எந்த வேட்பாளரின் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்தியாவிலும் கட்சிச் செலவுக்கு வரம்பு இல்லை. ஆனால், சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் கட்சி தன் தேர்தல் செலவைக் கணக்குக் காட்ட வேண்டும். பணப் பட்டுவாடா புகாரால் 2017இல் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. பணம் அங்கே நின்றுவிடவில்லை. ஆனால், தேர்தலையே நிறுத்தும் துணிவு ஆணையத்துக்கு இருந்தது.

இங்கே 2015இல் அமைக்கப்பட்ட அரசியல் நிதி ஆலோசனைக் குழு மறு ஆண்டே 32 பரிந்துரைகளை வழங்கியது. கோலகுபுபாரு வாக்களித்தபோதும் அவை தனிச் சட்டமாகவில்லை. கட்சிகளே எழுத வேண்டிய சட்டம், கட்சிகளையே கட்டுப்படுத்தும் சட்டம் என்பதால்தான் இத்தனை தாமதம். அடுத்த முறை வாக்கு கேட்டு வருபவரிடம் தோட்ட மக்கள் வீட்டைப் பற்றி மட்டுமல்ல, கட்சியின் கணக்கைப் பற்றியும் கேட்கலாம்.