மணிப்பூவும் பத்துமணிப் பூவும்

தோட்டத்துச் சகோதரி ஒருவர் வருத்தத்தோடு கடிதம் எழுதியிருக்கிறார். கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது, பாய் விரித்தாற்போல் தரையோடு படர்ந்து, ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் செடிகள் மூன்று வாங்கி வந்தாராம். வாசலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் இரண்டே வாரத்தில் மூன்றும் அழுகிப்போயினவாம். "உனக்குக் கைராசி இல்லை" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். இனிச் செடியே வைப்பதில்லை என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரியே, குற்றம் உங்கள் கையில் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது கம்பானுலா என்னும் மணிப்பூ. அதில் தரையோடு படரும் இனம் ஒன்றுக்குத் தாய்வீடு, குரோவேசியா நாட்டு டல்மேசியக் கடற்கரையின் பாறை இடுக்குகள். 15 சென்டிமீட்டர் உயரமே வளர்ந்து, அரை மீட்டர் அகலத்துக்குப் படரும். குளிர்ந்த காற்றும், நீர் தேங்காத கல்மண்ணும் அதற்கு வேண்டும். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் இரவில் 16 டிகிரி வரை குளிரும். நம் தாழ்நிலத்திலோ இரவிலும் 23, 24 டிகிரி. இந்தப் புழுக்கத்தில் அதன் வேர் தாங்காது. இருவேளையும் ஊற்றிய தண்ணீர் அழுகலை விரைவுபடுத்திவிட்டது, அவ்வளவுதான்.

வாசலில் பூப்பாய் விரிக்க ஆசையா? நமக்கென்றே பத்துமணிப் பூ இருக்கிறது. மேசை ரோஜா என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் நம் வெயிலுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

காசு செலவில்லை. பக்கத்து வீட்டில் விரல் நீளத்துக்கு நாலைந்து தண்டு கிள்ளி வாங்குங்கள். அடி இலைகளை உருவிவிட்டு, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு ஆற்றுமணல் கலந்து, அரைச் சாண் இடைவெளியில் நடுங்கள். இடமில்லாதவர்கள் காலி மைலோ டின்னின் அடியில் துளையிட்டு நடலாம். கீழே தட்டு வைக்க வேண்டாம். தேங்கும் நீரில் டிங்கிக் கொசு முட்டையிடும்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும். மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும். தண்டு நீண்டு பூக் குறைந்தால் பாதியாக வெட்டிவிட்டு, வெட்டியதையும் நட்டுவிடுங்கள்.

விடியலில் வேலைக்குப் போகும்போது மொட்டாகத்தான் இருக்கும். நண்பகலில் திரும்பும்போது வாசலெங்கும் சிவப்பும் மஞ்சளுமாக விரிந்திருக்கும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். மறுநாள் புதுப்பூ வரும்.

முதல் பூ மலர்ந்ததும் மாமியாரை அழைத்துக் காட்டுங்கள். அவர் கையாலேயே ஒரு தண்டு நடச் சொல்லுங்கள். கைராசிப் பேச்சு அதோடு போய்விடும்.