செருப்புக்குக் காவல்

சென்ற ஏப்ரலில் லண்டனிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிறன்று குடும்பத்தோடு சவுத்எண்ட் கடற்கரைக்குச் சென்றோம். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். வசந்த காலம் என்றார்கள். எனக்கோ ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டும் நடுக்கம்!

போனால் கடலையே காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு! நீர் வற்றும் நேரத்தில் ஒன்றரை கி.மீ.க்கு மேல் கடல் உள்வாங்கி விடுமாம். அதனால்தான் கடலுக்குள் நீளும் பாலத்தை 2 கி.மீ.க்கு மேல் கட்டி, அதில் குட்டி ரயிலும் விட்டிருக்கிறார்கள். அதில் போய் வந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டு, சற்று ஓய்வெடுத்தோம். சாயங்காலத்துக்குள் கடல் திரும்பி வந்துவிட்டது.

பேரப்பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினர். நான் வழக்கம்போல பைகளையும், ஷூக்களையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, "நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க அத்தை" என்றார்.

மெரினாவுக்கும், திருச்செந்தூருக்கும் எத்தனை முறை போயிருப்பேன்! ஒரு தடவையாவது நிம்மதியாகக் கால் நனைத்தேனா? 62 வயதில், ஐஸ் போன்ற அந்தத் தண்ணீரில் நின்றபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமும் என்னை யாரும் தடுக்கவில்லை. 'நீயும் வா' என்று கூப்பிடவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

சகோதரிகளே, அடுத்த முறை பீச்சுக்குப் போனால், "கொஞ்ச நேரம் பார்த்துக்குங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு நீங்களும் இறங்குங்கள். கால் மணி நேரம் செருப்புக்குக் காவல் இருந்தால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது!

- ஒரு வாசகி, மதுரை.