ஏபிடி-யின் இடத்தில் கை வைக்காதீர்கள்

"நாமே கம்பைல் செய்ததையும் நேராக /யூஎஸ்ஆர்-இலேயே போட்டுவிடலாம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்" என்கிறார் நண்பர். இருக்கும்தான், அடுத்த அப்டேட் வரும்வரை. டெபியனில் /யூஎஸ்ஆர்/பின் என்பது, ஏபிடி-க்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி-யின் ராஜ்யம். அங்கே நீங்கள் கொண்டுபோய் வைத்த பைதானைப் பற்றி அதன் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. பைதான் பேக்கேஜுக்கு அப்டேட் வந்தால் கேள்வி கேட்காமல் மேலெழுதிவிடும். அதற்குள் பைதானை நம்பியிருக்கும் சிஸ்டம் கருவிகள் படுத்துக்கொண்டால் யாரைக் கேட்பது?

நாமே கம்பைல் செய்ததற்கென்றே இருக்கும் /யூஎஸ்ஆர்/லோக்கலை "பழைய யூனிக்ஸ் சடங்கு" என்று அவர் ஒதுக்குவது அதைவிட மோசமான வாதம். டெபியன் பேக்கேஜ்கள் அங்கே கோப்புகளை வைக்கக் கூடாது என்பது எழுதிவைத்த விதி. ஆட்டோகான்ஃப் ஸ்கிரிப்டைச் சும்மா ஓட்டினாலே அங்கேதான் போகும்; ப்ரிஃபிக்ஸை மாற்றி வம்பை விலைக்கு வாங்குவது நீங்கள்தான்.

அங்கும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை அதே பெயரில் இறக்கினால், சிஸ்டம் நிரல்களும் அதையே முதலில் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதற்கு /ஆப்ட்-இல் பதிப்புக்கு ஒரு தனி அடைவு. வேண்டாமென்றால் அடைவை அழித்தால் போதும். /யூஎஸ்ஆர் முழுக்கச் சிதறிய கோப்புகளை அப்படிப் பொறுக்கி எடுங்கள், பார்ப்போம்.