மேடைக்கு முன் மனு

பட்டறையில் பிறந்த புதுக் கருவிக்கு நாடறிய ஒரு மேடை கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஜப்பானில் 2001-ல் தோன்றிய இந்த வகைத் தொலைக்காட்சிப் போட்டி, ‘ஷார்க் டேங்க் இந்தியா’ என்ற பெயரில் 2021 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்தது. 2025-ல் விஜய் தொலைக்காட்சி ‘ஸ்டார்ட்அப் சிங்கம்’ நிகழ்ச்சியைத் தமிழிலேயே தொடங்கியது. பணக்காரர்கள் முன் நின்று தன் பொருளை விளக்கி முதலீடு கேட்பதைப் பார்க்கும் நம் தீவு இளைஞருக்கும், ‘நாமும் போனால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. தாராளமாகப் போகட்டும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

புதிய கருவிக்கு 20 ஆண்டுகள் தனி உரிமை தருவது பேட்டன்ட். 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனுச் செய்யும் நாளில் அந்தக் கருவி உலகுக்குப் புதிதாக இருக்க வேண்டும். அதன் நுட்பத்தை மனுவுக்கு முன்பே தொலைக்காட்சியில் விளக்கிவிட்டால், அது ஊரறிந்த செய்தியாகிவிடும். விளக்கியவர் கண்டுபிடித்தவரே என்றாலும், ‘புதிதல்ல’ என்று மனு தள்ளப்படலாம். மத்திய அரசு அறிவிக்கும் சில கண்காட்சிகளுக்கு 12 மாதச் சலுகை உண்டு. தொலைக்காட்சிப் போட்டிக்கு அதை நம்பியிருக்க முடியாது. பாக்கு உரிக்கும் கருவியோ, படகு எஞ்சினுக்கு ஒரு திருத்தமோ செய்தவர் இரண்டு நிமிடக் கைதட்டலுக்காக 20 ஆண்டு உரிமையை இழக்கலாமா?

இதற்கு வழி கடினமானதல்ல. முதலில் தற்காலிக விவரக் குறிப்புடன் மனுச் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் கொடுத்தால் போதும். தனி நபர் இணையத்தில் மனுச் செய்ய அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக்குத் தனிக் கட்டணம் பிறகு வரும். குறிப்பில் எழுதாத நுட்பத்துக்கு அந்தத் தேதி பாதுகாப்புத் தராது என்பதை மட்டும் மறக்கலாகாது.

அந்தமானுக்குரிய பேட்டன்ட் அலுவலகம் கொல்கத்தாவில் உள்ளது. இதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் இங்கு வந்த பிறகு, இருந்த இடத்திலிருந்தே மனு அனுப்புவது எளிதாகிவிட்டது. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. மனு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும். ஸ்பேனர் பிடித்த கைக்கு அந்த எழுத்து வேலை மலையாகத் தெரிகிறது.

கோவை அருணாசலம் முருகானந்தமும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பட்டறைத் தொழிலாளிதான். பல கோடி ரூபாய் விலையுள்ள வெளிநாட்டு இயந்திரங்கள் செய்த வேலைக்கு, சுமார் 65,000 ரூபாயில் நாப்கின் இயந்திரம் செய்தார். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதைக் காட்டினார், பேட்டன்டும் பெற்றார். பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடாமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் பொருள் யாரிடம் போக வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

மேடை ஏறியவரும் கணக்கை அறிந்திருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கு 10 சதவிகிதப் பங்கு என்றால் தொழிலின் மொத்த மதிப்பு ஒரு கோடி. அதே தொகைக்கு 40 சதவிகிதம் என்றால் வெறும் 25 லட்சம். கேமரா முன் கைகுலுக்கியதும் பணம் வந்துவிடாது. கணக்குகளைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்தம் முடிவாகும். இடையில் முறிவதும் உண்டு. அப்போதும் கையில் மிஞ்ச வேண்டியது உரிமை.

ஆகவே ஸ்ரீ விஜயபுரத்தில், இம்முறைகளைத் தமிழ், வங்காளம், இந்தி மொழிகளில் விளக்கிச் சொல்லவும் மனு எழுத உதவவும் ஓர் உதவி மேசையைத் தீவு நிர்வாகம் நடத்த வேண்டும். முழு விவரத்தை எழுத அங்கீகாரம் பெற்ற பேட்டன்ட் ஏஜெண்டின் துணையும் அங்கே கிடைக்க வேண்டும்.

நிர்வாகம் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? அலுவலகங்களில் ஃபைல் எழுதிப் பழகிய நம் குமாஸ்தாக்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் முதல் குறிப்பு தயாராகிவிடும். கேட்ட நுட்பத்தை வெளியே சொல்லாமல் காப்பது அவர்கள் கடமை. கண்டுபிடித்தவர் முதலில் மனு அனுப்பட்டும். பிறகு மேடை ஏறட்டும்.