முதல் ஆட்டத்திலேயே தீர்ப்பா?

2023 பருவத்துக்காகத் திரங்கானுவிலிருந்து பைசால் ஹலிம் சிலாங்கூருக்கு வந்தபோது, கலும்பாங் தேநீர்க் கடையில் ஒரே கவலை. "ஆளு ரொம்பக் குட்டையா இருக்காரே, விங்கில எப்படித் தாங்குவாரு?" என்றார் என் மாமா. நானும் தலையாட்டினேன்.

2024 ஜனவரி 25-இல் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுடன் மலேசியா 3-3 எனச் சமநிலை கண்டது. அதில் ஒரு கோல் அவருடையது. அதே ஆண்டு மே மாதம் எரிதிராவகத் தாக்குதலில் படுகாயமடைந்தும் மீண்டும் திடலுக்கு வந்தார்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரத்திலேயே "இவனுக்கு மலாய் வராது" என்று என்னையும் சிலர் எடைபோட்டார்கள். வலித்தது. அதையே நான் ஓர் ஆட்டக்காரருக்குச் செய்திருக்கிறேன்!

நண்பர்களே, கவலைப்படுவது ரசிகரின் உரிமை. தீர்ப்பை மட்டும் பருவம் முடியும்வரை தள்ளிவைப்போம்.