சிறிய மேசை, நீண்ட வரிசை

லூகாஸ் போப்பின் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு மேசை. அதுவும் போதாத மேசை. கடவுச்சீட்டை வைத்தால் நுழைவு அனுமதிக்கு இடமில்லை. விதிப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டும் அதன் அடியில் போய்விடும். ஆண்டு 1982. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. குலுக்கலில் பெயர் விழுந்து இந்த வேலைக்கு வந்திருக்கிறோம். சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் 5 கிரெடிட் கூலி. சாயங்காலம் சாவடியை மூடியதும் அந்தக் கூலியில்தான் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் செலவு, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மருந்து.

இந்த விளையாட்டு 2013இல் வந்தது. தனியாளோ சிறு குழுவோ செய்யும் இண்டி கேம்களை எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இன்னமும் இதைத்தான் சொல்கிறேன்.

ஒருவன் வருகிறான். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. பின்னால் என் மனைவி வருகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டுவிடலாம். நாளொன்றுக்கு முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான். மூன்றாவதிலிருந்துதான் கூலியில் பிடிப்பார்கள். அப்போது மனசுக்குள் எழும் கேள்வி, 'இன்றைக்கு எச்சரிக்கை எத்தனை மிச்சம் இருக்கிறது?' இரக்கத்துக்கு ஒரு ரேஷன் அளவு வந்துவிட்டது. யாரும் வற்புறுத்தவில்லை, நாமேதான் கணக்குப் போடுகிறோம்.

இதைவிடக் கொடுமை கொஞ்ச நாள் கழித்து வருகிறது. காவலாளி ஒருவன் ஜன்னலருகே வந்து பேரம் பேசுகிறான். ஆட்களைப் பிடித்துக் கொடுத்தால் அவனுக்கு ஊக்கத்தொகை உண்டாம், அதில் நமக்கும் பங்கு தருவானாம். நேற்றுவரை சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தால் போதும் என்றிருந்த ஆள் மீது இன்றைக்குக் கைதுப் பொத்தான் அழுந்துகிறது. போலிக் கடவுச்சீட்டு ஒன்று வரக்கூடாதா என்று கண் வரிசையைத் துழாவுகிறது. வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். சினிமாவாக இருந்தால் ஓர் அதிகாரி எப்படிக் கெட்டுப்போனான் என்று தள்ளி உட்கார்ந்து பார்த்திருப்போம். இங்கே அந்த அதிகாரியின் விரல் நம்முடையது.

கதை எப்படி, கிராபிக்ஸ் எப்படி என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். கை என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி. போப் இதற்கு முன்னால் 'அன்சார்ட்டட்' வரிசையை எடுத்த நாட்டி டாக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பில் நடிப்பும் காட்சியும் கதையைச் சொல்லும். தனியாக உட்கார்ந்து செய்பவரிடம் அந்த வசதி ஏது? விதிகளைக் கொண்டுதான் அவர் பேசியாக வேண்டும். அந்தத் தட்டுப்பாடுதான் நல்ல இண்டி விளையாட்டுகளின் பலம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அவருடைய அடுத்த விளையாட்டு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்', 2018. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று காணாமல் போய், 1807இல் ஆளில்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நாம் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும்: பெயர், எப்படிச் செத்தார், யார் கொன்றார். கையில் ஒரு மாயக் கடிகாரம். எலும்பின் அருகே அதைத் திறந்தால் அந்த ஆளின் கடைசிச் சில நொடிகள் இருட்டில் ஓசையாக மட்டும் கேட்கும். பிறகு சாவு நேர்ந்த கணம் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். பழைய மெக்கின்டோஷ் திரை மாதிரி இரண்டே நிறம், புள்ளிகளாலேயே வரைந்த உலகம்.

பெயர் பட்டியல் இருக்கிறது, முகங்களின் ஓவியம் இருக்கிறது. எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்பது மட்டும் இல்லை. ஒருவனின் பேச்சில் தெரியும் ஊர்வாடை, இன்னொருவன் படுத்திருக்கும் தொங்குபடுக்கையின் எண், யாருடைய காலில் என்ன செருப்பு என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மூன்று பேரின் முடிவைச் சரியாக எழுதினால்தான் அந்த மூன்றும் உறுதியாகும். ஒவ்வொன்றாகக் குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பிக்க முடியாதபடி இந்த ஒரு விதி தடுத்துவிடுகிறது. விளையாட்டு வடிவமைப்பு படிப்பவர்களுக்கு இதைப் பாடமாக வைக்கலாம்.

அந்தப் பட்டியலில் இந்திய மாலுமிகளும் உண்டு. லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் இல்லாமல் கம்பெனிக் கப்பல்கள் ஓடியிருக்காது. ஆனால் கதைகளில் அவர்கள் கூட்டத்தில் தெரியும் தலைகள், அவ்வளவுதான். இங்கே அப்படி விட்டுவிட முடியாது. நோயில் செத்துப்போகும் லஸ்கருக்கும் கப்பல் தலைவனுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரே அளவு இடம். பெயர் தெரியாமல் ஒருவரை விட்டால் வேலை முடியாது. கீழே கிடப்பவனின் முகத்தையும் உற்றுப் பார்க்கவைக்கும் இந்த வேலையில் கம்பெனி வரலாற்றின் மீது ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதைப் போப் ஒரு வசனமாகக்கூட எழுதவில்லை.

அதே 2018இல் வந்த 'செலஸ்ட்' கஷ்டமான விளையாட்டு என்று பெயர் வாங்கியது. மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் ஆரம்பித்தது. மேடலின் என்ற பெண் மலையேறுகிறாள். பதற்றம் அவளைப் பிடித்து ஆட்டுகிறது. பாதி வழியில் கம்பிவட வண்டி அந்தரத்தில் நின்றுபோகும்போது அவளுக்கு மூச்சு முட்டுகிறது. கூட வந்த தியோ சொல்கிறான், ஓர் இறகை நினைத்துக்கொள், மூச்சால் அதை மிதக்கவிடு என்று. பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டு நாம் அந்த இறகை மேலும் கீழும் மிதக்கவிட வேண்டும். நம் மூச்சும் கூடவே நிதானப்படுகிறது. பிற்பாடு தன் இருண்ட பாதியை எதிர்கொள்ளும்போது மேடலின் அதே இறகை நாடுகிறாள். இம்முறை அது பலிக்காமல் போகிறது. ஒரு தடவை கைகொடுத்த வித்தை எல்லா நாளும் கைகொடுக்காது என்று பதற்றத்தோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். அதைக் கட்டைவிரலுக்கும் தெரியவைத்திருக்கிறார்கள். அந்தப் பாதியோடு சமாதானமானதும் அந்தரத்தில் ஒரு தடவை பாய்ந்தவள் இரண்டு தடவை பாய்கிறாள். கைக்கு அது உடனே தெரிகிறது.

வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சாகாமலே விளையாடவும் அதில் உதவி முறை உண்டு. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. மலை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

'ஸ்டார்டியூ வேலி' பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. எரிக் பரோன் ஒற்றை ஆளாக நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து, நிரல், ஓவியம், இசை எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டார். இதுவரை வந்த பெரிய புதுப்பிப்புகளுக்கு ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை. அந்த மனிதர் மீது எனக்குள்ள மரியாதை குறையாது. முதல் வருஷத்து வசந்தத்தில் பார்ஸ்னிப் கிழங்கு நட்டு, தண்ணீர் ஊற்றி, மழை வந்தால் சந்தோஷப்பட்டு வாழ்வது அப்படி ஓர் இனிமை. ஆனால் கதை தொடங்குவது எங்கே? ஜோஜா என்ற பெருநிறுவனத்தின் மேசைகளில் நசுங்கிய ஆள், தாத்தாவின் நிலத்துக்கு ஓடிவருவதில். இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் அதே நிலத்தில் தானியங்கித் தெளிப்பான்களும், வரிசை வரிசையாக ஒயின் பீப்பாய்களும், எதை ஊறவைத்தால் எத்தனை லாபம் என்ற கணக்கும் மட்டுமே மிஞ்சுகின்றன. விதிகள் பரிசளிப்பது அதைத்தான். கிராமத்து மக்கள் அன்பளிப்பு கொடுக்க வேண்டிய பட்டியலாகிவிடுகிறார்கள். கதை வெறுத்த ஜோஜாவை விதிகள் தோட்டத்துக்குள்ளேயே கட்டித் தருகின்றன. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

கடைசியாக, நமக்கு மிக நெருங்கிய ஒன்று: 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1988இல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேட்டில் பக்கங்கள் சிதைந்திருக்கின்றன. விட்டுப்போன படிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எது முன்னால் எது பின்னால் என்பதெல்லாம் புதிர்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒவ்வொரு காலத்துத் திரையிசைச் சாயலில் புதிதாகப் போட்ட பாட்டு. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலையாய பரிசும் அதற்குக் கிடைத்தன. அந்தத் தலையாய பரிசை முன்பு போப்பின் இரண்டு விளையாட்டுகளும் வாங்கியிருக்கின்றன.

பெருமையாக இருந்தது. அதனாலேயே மனதில் பட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் மாவும் தட்டும் இருக்கும்வரை 'வெண்பா' அபாரம். சிதைந்த எழுத்தை வைத்துக்கொண்டு, 'அம்மா இதை எப்படிச் செய்திருப்பாள்?' என்று யோசிப்பதே புலம்பெயர்ந்த வாழ்க்கைதான். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கும் நேரம் குறைவு, உரையாடலைத் தட்டித் தட்டி வாசிக்கும் நேரம் அதிகம். கவின் விலகிப்போவதைப் பெரும்பாலும் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். தவறாகச் சமைத்தால் திரும்பச் செய்யலாம், ஒன்றும் குடிமுழுகாது. ஆர்ஸ்டோட்ஸ்காவின் மேசையில் ஒரு முத்திரைக்கு இருந்த கனம் இங்கே உப்புக்கும் புளிக்கும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தும்விடுகிறது. அந்தக் குறிப்பேட்டில் இன்னும் பத்துப் பக்கமாவது இருந்திருக்க வேண்டும்.  மகன் பாதி தின்று தள்ளிவைத்த தட்டை நாமே கழுவும்படியும் ஒரு விதி இருந்திருக்கலாம்.