காலுக்கும் ஒரு கம்பளி

மார்கழி பிறந்துவிட்டால் நம் காசி வளாகத்தில் தமிழ் மாணவனைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். தலையிலே குல்லாய், கழுத்திலே மப்ளர், உடம்பிலே இரண்டு ஸ்வெட்டர்; சைக்கிள் பெடலிலோ ரப்பர்ச் செருப்பணிந்த வெறுங்கால்! “பழகினால் சரியாகிவிடும்” என்கிறார்கள் மூத்த மாணவர்கள். இங்கே ஐந்தாவது குளிர்காலம் காண்பவன் நான். அந்தப் பேச்சு தவறு என்பது என் துணிபு.

நடக்கும்போது பாதம் மடங்கி நிமிர்கிறது. சைக்கிளிலோ தொடையும் கெண்டைக்காலும் உழைக்க, விரல்கள் சும்மா இருக்கின்றன. குளிர் கண்ட உடல், உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க, விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நாமே காற்றை உண்டாக்குகிறோம். இலை அசையாத காலையிலும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அதே வேகத்தில் காற்று எதிரே மோதும். 2001இல் கனடாவும் அமெரிக்காவும் மேற்கொண்ட கணக்குப்படி, 5 பாகைக் குளிர் அப்போது வெற்றுத்தோலுக்கு ஏறத்தாழ 2 பாகைபோல உறைக்கும். ஈரக்குளிரில் நாள்தோறும் வாடும் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கத் தொடங்கும். இதற்குப் பழக்கம் மருந்தன்று.

அப்படியானால் விலையுயர்ந்த பூட்ஸ் வேண்டுமோ? வேண்டாம். குளிரைத் தடுப்பது விலையன்று. காலணிக்குள் அசையாது நிற்கும் காற்று. ஆகவே கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, அதை அணிந்தபின்னும் விரல் அசையுமளவு தளர்ந்த மூடிய காலணி, இவ்விரண்டும் போதும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பவன் அந்தக் காற்றையும் நசுக்குகிறான், இரத்த ஓட்டத்தையும் தடுக்கிறான். வலைத்துணி வைத்த காலணியில் காற்று புகுந்துவிடும். நனைந்த பருத்திக் காலுறையும் ஆகாது. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது நீர்.

சொல்வது எளிது, காசு? ஊரிலிருந்து ஒரு செருப்போடு வந்து, உதவித்தொகையை எதிர்நோக்கி நிற்கும் முதலாண்டுத் தம்பி தங்கையருக்கு இதுவும் பெருஞ்செலவே. இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. படிப்பு முடித்துப் போவோர் தம் நல்ல காலணிகளைச் சங்கத்திடம் விட்டுச் செல்லட்டும். பொங்கல் விழாவின் மேடை அலங்காரச் செலவைக் குறைத்து, கார்த்திகையிலேயே சங்கம் கம்பளிக் காலுறைகள் வாங்கட்டும். விழாப் பொலிவு குன்றிவிடும் என்பார் சிலர். குன்றட்டுமே! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவோம். அதைக் கேட்க வரும் தமிழ் மாணவரின் கால் விறைக்காமலும் பார்த்துக்கொள்வோம்.